குன்றிற் பள்ளிகளும் கொடுத்தோர் பெயர்களும்

நம் சங்கத்துத் திங்களிதழில் பதினாறு ஆண்டுகட்கு முன்னர் யாம் வரைந்த கட்டுரையொன்று மூத்த அன்பர் சிலருக்கு நினைவிலிருத்தல் கூடும். அழகர்மலைக் குகையிற் பண்டைத் தமிழெழுத்துக்களாற் பொறிக்கப்பட்டுள்ள உப்பு வாணிகன் ஒருவன் நம் குலத்து முன்னோனே என்பது அக்கட்டுரையின் துணிபு. நம் பாட்டன்மாருள் சிலர் பொதிமாடுகளில் உப்பேற்றிச் சென்றனர் என்னும் வீட்டு வழக்கொன்றே அதற்கு யாம் காட்டிய சான்று. அஃது அன்று பலராற் பாராட்டப்பட்டது. ஆண்டு விழாக்களிலும், ஒரு திருமண வாழ்த்து மடலிலுங்கூட அச்செய்தி எடுத்தாளப்பட்டதைக் கண்டு யாமும் உள்ளூர மகிழ்ந்தோம். நிற்க.

சென்ற ஆண்டு நம் சங்கச் செயலாளர், விழா மலருக்கென அக்கட்டுரையை விரித்தெழுதித் தருமாறும், மலைக்குச் சென்று அவ்வுப்பு வாணிகன் பெயரைப் படமெடுத்து வருமாறும் எம்மைப் பணித்தனர். அப்பொழுதுதான் எமக்கு நாணம் உண்டாயிற்று. என்னெனின், பதினாறு ஆண்டுகட்கு முன்னர் யாம் அம்மலையைக் கண்டதில்லை. நூலிற் படித்ததை வைத்தே எழுதியிருந்தோம். ஆகலின், தை மாதத்து விடுமுறையில், எம் பள்ளியின் ஓவிய ஆசிரியரைத் துணையாகக் கொண்டு, மேலூர்ப் பக்கத்துக் குன்றுகளிடையே மூன்று நாள் நடந்து பார்ப்பதென்று துணிந்தோம். நண்பர் எம்மினும் பத்தாண்டு மூத்தவர். எழுத்தின் வடிவை நோக்கும் கண்ணுடையவர். எம்மை எள்ளி நகையாடுதற்கு வாய்ப்புக் கிடைப்பின் அதனை நழுவவிடாதவர்.

மதுரையினின்று மேலூர்ச் சாலையிற் செல்வார்க்கு முதலில் எதிர்ப்படுவது ஆனைமலை. துதிக்கை நீட்டிப் படுத்த களிறு போலக் கிடக்கும் அப்பாறையின் குகையொன்றில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே 'இவ குன்றம்' என்று பொறித்து வைத்துள்ளனர். இபம் என்பது யானைக்கு வடமொழிப் பெயர். அதுவே இவம் ஆயிற்று. அன்று அம்மலையைக் கண்டோர்க்குத் தோன்றிய உருவமே இன்று பேருந்தினின்று எட்டிப் பார்க்கும் சிறுவர்க்கும் தோன்றுகின்றது. இம்மலையின் அடியில் மாறன் காரி என்னும் பாண்டியனுடைய அமைச்சன் எடுத்த நரசிங்கர் குடைவரைக் கோயிலும் உண்டு. அதன் காலம் கி.பி. 770. அன்று யாம் ஆங்கு இறங்கவில்லை.

அரிட்டாபட்டியில் எம் நடை தொடங்கிற்று. ஊரின் மேற்பால் கழிஞ்சமலை நிற்கின்றது. மரமில்லாத வழுக்குப் பாறை. அதன் அடியெங்கும் சுனைகளும் ஏரிகளும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தியை வழி வினவினோம். "பஞ்சபாண்டவர் படுத்த எடமா சாமி? இந்தப் பாறையச் சுத்திக்கிட்டே போங்க, தன்னால தெரியும்" என்றாள். இந்நாட்டில் இத்தகைய குகைகளையெல்லாம் மக்கள் பாண்டவர் படுக்கை என்றே வழங்குவர். வனவாசம் சென்ற ஐவரையன்றி வேறு யாவர் கல்லிற் படுப்பர் என்னும் எண்ணத்தால் எழுந்த வழக்கு அது.

அவற்றிற் படுத்தோர் சமண முனிவர். ஓரிடத்தும் நிலைத்திராது நடந்துகொண்டேயிருத்தல் அவர் நோன்பு. மழைக்காலத்து நான்கு திங்கள் மட்டும், முளைக்கும் புல்லும் ஊரும் சிற்றுயிரும் காலடியில் அழியாதிருத்தற்பொருட்டு ஓரிடத்தில் தங்குவர். அங்ஙனம் தங்குதற்கு வீடு வேண்டாதார்க்கு இயற்கை அமைத்த முழையே போதும். ஆயினும் அம்முழையை மழைக்கு ஏற்றதாக்க ஒருவகை வினைத்திறன் வேண்டியிருந்தது. குகையின் நெற்றிப் பாறையில், வாயின் மேலே, நீளவாட்டில் ஒரு காடி வெட்டியுள்ளனர். மேலிருந்து வழியும் மழைநீர் பாறையைத் தழுவி உள்ளே புகாமல், அக்காடியின் விளிம்பிலேயே சொட்டி வெளியே வீழ்ந்துவிடும். பந்தற்கால் நடுதற்கென்று முன்றிலிற் குழிகள் உள. உள்ளே படுக்கைகள், ஆள் நீளத்திற்குப் பாறையைச் சமமாகச் செதுக்கி, தலைமாட்டிற் சிறிது மேடு விட்டு அதனையே தலையணையாக்கியுள்ளனர். நண்பர் ஒரு படுக்கையிற் படுத்துப் பார்த்து, தம் உயரத்திற்கு அது சரியாயிருப்பதாகக் கூறி, எழ மனமின்றிக் கிடந்தார். வெளியே வெயில் கொளுத்தியது; உள்ளே கல் குளிர்ந்திருந்தது.

இக்குகையின் எழுத்துக்கள் இரண்டு. ஒன்று 1971-இலும் மற்றொன்று 2003-இலும் கண்டறியப்பட்டன. முதலாவதில் நெல்வேலியைச் சார்ந்த செழியன் அதினன் வெளியன் என்பவனும், இரண்டாவதில் இலஞ்சி வேள் மாப்பரவன் மகன் எமயவன் என்பவனும் இம்முழையைக் கொடுப்பித்ததாகக் குறிக்கப்படுகின்றனர். ஊர்ப்பெயரை நோக்கின் இருவரும் தென்பாண்டிச் சீமையினர் போலும். அத்துணைத் தொலைவிலிருந்து வந்த ஒருவன், இச்சிற்றூர்ப் பாறையில் யாரோ சில துறவியர் மழைக்கு ஒதுங்குதற்குப் பொருள் செலவிட்டான் என்னும் செய்தி எம்மை நெடுநேரம் ஆங்கேயே நிறுத்திற்று.

அதே மலையிற் பிற்காலத்துச் சமண உருவம் ஒன்றும் உண்டு. பாறையிற் புடைத்தெழச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவம் அது. அச்சணந்தி என்னும் முனிவர் செய்வித்தது என்றும், பாதிரிக்குடியார் காவலில் உள்ளது என்றும் வட்டெழுத்திற் பொறித்துள்ளனர். காலம் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டளவு. ஈண்டு எம் தொழிலைப் பற்றி ஒரு சொல் கூறுதல் வேண்டும். இருபதாண்டுகளாக யாம் வகுப்பில் பெரியபுராணம் நடத்தி வருகின்றோம். சம்பந்தப் பெருமான் மதுரையில் வாதில் வென்றதையும், தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறியதையும் கூறி, அத்துடன் பாண்டி நாட்டிற் சமணம் ஒழிந்தது என்று முடிப்பது எம் வழக்கம். சம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டு என்பர். அச்சணந்தியோ அதற்கு இருநூறாண்டேனும் பிற்பட்டவர். அவர் செய்வித்த உருவங்கள் அரிட்டாபட்டியில் மட்டுமன்று, அழகர்மலையிலும், கருங்காலக்குடியிலும் உள. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர்மலையின் பேச்சிப்பள்ளத்தில் அவர்தம் தாயார் குணமதியார் பெயரும் காணப்படுகின்றது. ஒழிந்துபோன சமயத்தார் இங்ஙனம் மலைதோறும் உருவம் செதுக்கித் தாயின் பெயரையும் பொறித்து வைத்தல் யாங்ஙனம்? புராணத்தின் பொருளை ஆராய்தல் எம் நோக்கமன்று; அது பத்தி நூல். ஆனால் 'அத்துடன் ஒழிந்தது' என்னும் சொற்றொடர் புராணத்தினது அன்று, எமது. இவ்வாண்டு முதல் வகுப்பில் அதனைக் கூறுவதை விட்டுவிட்டோம்.

அம்மலையின் மற்றொரு பக்கத்தில் சிவபெருமானுக்கெனக் குடைந்த சிறு கோயிலும், அதன் முன்றிலில் இலகுலீசர் உருவமும் உள. ஒரே பாறையில் அமண் முனிவர் படுக்கையும், பாசுபதர் ஆசிரியர் உருவமும், தீர்த்தங்கரர் திருமேனியும் வெவ்வேறு காலத்தில் இடம் பெற்றுள்ளன. பாறைக்கு இதில் வழக்கொன்றும் இல்லை.

இவ்வூரும் இதனையடுத்த மீனாட்சிபுரமும் சேர்ந்த ஏறத்தாழ 193 ஹெக்டேர் பரப்பு, 2022 நவம்பரில், தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபுத் தலமென அறிவிக்கப்பட்டது. இரண்டாண்டு கழியுமுன், 2024 நவம்பரில், இப்பகுதியை உள்ளிட்ட நாயக்கர்பட்டித் தொகுதியில் டங்ஸ்டன் கனிமம் எடுக்கும் உரிமை ஏலத்திற் போயிற்று. ஊரார் திரண்டனர், சட்டமன்றம் தீர்மானம் இயற்றிற்று, 2025 ஜனவரியில் மத்திய அரசு அவ்வேலத்தை நீக்கிற்று. யாம் சென்றபோது தேநீர்க்கடையில் அதே பேச்சு. கடைக்காரர் எம் கையிலிருந்த வரைபடத்தைக் கண்டு முதலில் ஐயுற்று, "நீங்க அளக்க வந்த ஆளுங்களா?" என்று கேட்டார். வாத்தியார்கள் என்றறிந்த பின்னரே தேநீர் வந்தது.

மாலையில் மீனாட்சிபுரத்து மலையை அடைந்தோம். இதனை மாங்குளம் மலை என்று ஆராய்ச்சியாளர் குறிப்பர். இராபர்ட்டு சீவெல் 1882-இல் இங்குள்ள எழுத்துக்களைக் கண்டு குறித்தார். ஆனால் அவற்றைப் படிப்பார் இலர். அசோகன் சாசனத்து எழுத்தை ஒத்திருத்தலின், மொழியும் பிராகிருதமே என்று கருதிப் பலர் இடர்ப்பட்டனர். 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர், வடமொழியிலும் பாகதத்திலும் இல்லாத ழ, ள, ற, ன என்னும் எழுத்துக்கள் இவற்றில் இருத்தலைக் கண்டு, மொழி தமிழே என்று நிறுவினார். ழகரத்தைத் தன் நாவிலும் எழுத்திலும் வைத்திருக்கும் ஒரு மொழி, அவ்வொரு வடிவத்தாலேயே ஈராயிரம் ஆண்டு கழித்து அடையாளம் காணப்பட்டது என்பதை எம் மாணவர்க்கு ஆண்டுதோறும் கூறுவதில் எமக்குச் சலிப்பில்லை. பின்னர் 1960களில் ஐராவதம் மகாதேவன் இங்குள்ள பெயரை நெடுஞ்செழியன் என்று படித்து, சங்கத்துப் பாண்டியர் வரலாற்றிற்குக் கல்லிற் சான்று கண்டார். அவர்தம் பெருநூல் 2003-இல் வெளிவந்தது. மாங்குளத்து எழுத்தின் காலம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்பது அவர் முடிபு.

இங்குப் பள்ளி பெற்றவர் கணி நந்தாசிரியர் என்னும் முனிவர். கொடுத்தோருள் அரசன் சார்பினரும் உளர். வெள்ளறை நிகமத்தோரும் உளர். நிகமம் என்பது வணிகர் குழாம். அருகிலுள்ள வெள்ளரிப்பட்டியே பண்டை வெள்ளறை என்பர் சிலர். வேந்தன் ஆள் ஒரு குகைக்கும், கடைத்தெருவார் மற்றொரு குகைக்கும் கொடுத்துள்ளனர். எழுத்தின் அளவிலோ அழகிலோ இரண்டிற்கும் ஏற்றத்தாழ்வு எமக்குத் தோன்றவில்லை. கதிரவன் சாய்கையில் மட்டுமே வெட்டின் நிழல் தெளிவாக வீழ்கின்றது. யாம் ஓரெழுத்தைச் செழியனின் ழகரம் என்று உறுதியாகக் காட்ட, நண்பர் அதனைப் பாறை வெடிப்பு என்று காட்டினார். "பண்டிதரே, உங்கள் பாட்டனார் எழுதியது உங்களுக்கே படிக்க வரவில்லையே!" என்று அவர் நகைத்தது, அவர் அறியாமலே, எம் பழைய கட்டுரையைத் தைத்தது.

மறுநாட் காலையில் அழகர்மலையின் கிடாரிப்பட்டிக் குகைக்கு ஏறினோம். எம் பயணத்தின் நோக்கம் இதுவேயாகலின் இதனைச் சிறிது விரித்துரைப்போம். ஏற்றம் கடிது, முள்ளும் உருள்கல்லும் மிகுதி. மேலே சென்றால், பாம்பு படமெடுத்தாற்போல முன்னோக்கிக் கவிந்த பெரும்பாறையும், அதன்கீழ் அகன்ற முழையும், உள்ளே குளிர்ந்த சுனையும் உள. சுனை நீரை அருந்தி அண்ணாந்து நோக்கினால், எட்டாத உயரத்தில், பாறையின் நெற்றி நெடுகப் பெயர்கள். அவை கி.மு. முதல் நூற்றாண்டளவின. உப்பு வாணிகன் வியகன், பாணித வாணிகன் நெடுமலன், கொழு வாணிகன் இளஞ்சந்தன், அறுவை வாணிகன் இள ஆதன், பொற்கொல்லன் ஆதன். பாணிதம் கரும்பின் பாகு, கொழு ஏரின் இரும்பு, அறுவை ஆடை. உப்பு வாணிகனுக்கும் பொற்கொல்லனுக்கும் மதுரை என்னும் ஊர் 'மத்திரை' என்ற வடிவில் அடையாக நிற்கின்றது. உப்பும் வெல்லமும் கொழுவும் துணியும் பொன்னும் விற்போர் ஒரு நாள் தம் கடைகளை அடைத்து ஒன்றுகூடி இம்மலை முழைக்குப் பங்கிட்டுக் கொடுத்திருத்தல் வேண்டும். இன்று ஊர்க்கோயிற் கதவிற்குக் கடைத்தெருவார் வரி போட்டுக் கொடுத்துப் பெயர் எழுதி வைப்பதனினும் இது வேறன்று.

எம் உப்பு வாணிகனைக் கண்டோம். வியகன் என்னும் பெயரை நண்பர் தொலைநோக்கியால் எழுத்தெழுத்தாகப் பெயர்த்து வரைந்தார். வரைந்து முடித்தபின் அவர் கேட்ட வினா ஒன்றே: "இதில் எந்த எழுத்து உங்கள் குலத்தைச் சொல்கிறது?"

விடை கூற எம்மால் இயலவில்லை. நேயர்கள் பொறுமையுடன் நோக்குக. அப்பாறையில் ஊர் உண்டு, தொழில் உண்டு, இயற்பெயர் உண்டு. குலம் என்று துணிதற்குரிய சொல் யாம் நோக்கிய அப்பெயர்களில் யாதும் இல்லை. இயற்பெயரால் இனம் காண்போம் என்னின், பொற்கொல்லனும் ஆதன். துணி விற்பவனும் ஆதன். கருவூரை அடுத்த புகழூர்க் குன்றில் சேரமன்னனும் கோ ஆதன். ஒரு பெயர் மூன்று தொழிலார்க்கு, அரசுத் தொழில் உட்பட, பொதுவாயிருக்க, அதனைக்கொண்டு யாரை யார் வழியினன் என்பது? தொழிலாற் காண்போம் என்னின், அப்புகழூரிலேயே கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி என்பான் ஒருவன் உளன். பொன் விற்றோர் யாவரும் அவன் மரபினர் என்று எழுந்தால், அவ்வழக்கிற்கு முடிவு உண்டோ? உப்பு விற்றல் ஒருவர்க்கே உரியதன்று. கடற்கரையில் விளைப்போரும், வண்டியிற் கொணர்வோரும், பொதிமாட்டில் ஏற்றுவோரும், நகரங்காடியில் அளப்போரும் வெவ்வேறாயிருத்தல் கூடும். ஈராயிரம் ஆண்டில் ஒரு குடி எத்தனை தொழில் மாறும், ஒரு தொழில் எத்தனை குடி மாறும்! நம் பாட்டன் பொதிமாடு ஓட்டியது நூறாண்டுச் செய்தி. அதனை ஈராயிரம் ஆண்டிற்கு நீட்டிய கயிறு எம் விருப்பமேயன்றிப் பிறிதொன்றன்று.

பிற சங்கத்தார் இதழ்களிலும் இத்தகைய கட்டுரைகள் வருகின்றனவே, நாம் மட்டும் விட்டுக்கொடுப்பதா என்று செயலாளர் பின்னர் எம்மிடம் வினவினர். வினாவில் நேர்மை உண்டு. வியகனை நாம் விடுத்தால் வேறொருவர் எடுத்துக்கொள்வர் என்பதும் மெய்யே. ஆயினும், தமிழாசிரியன் ஒருவன் தான் படித்தறியாத எழுத்திற்குத் தானே பொருள் கற்பித்து, அதனைத் தன்னை நம்புவோர்க்கு வழங்கினான் என்னும் பழி எம்முடையது. அதனைப் பிறர் செய்கையைக் காட்டிக் கழித்தல் இயலாது.

மூன்றாம் நாள் மேலூரின் கிழக்கே கீழவளவிற்குச் சென்றோம். இங்கும் பாண்டவர் மலை என்றே பெயர். வெங்கையா 1903-இற் கண்ட எழுத்து இங்குளது. தொண்டியைச் சார்ந்த உபாசகன் ஒருவன் கொடுத்த பள்ளி என்பது அதன் பொருள். விந்தை யாதெனின், எழுத்துக்கள் வலமிருந்து இடமாக, தலைகீழாகவும் நிற்கின்றன. கற்றச்சன் எவ்வாறு கிடந்து இதனை வெட்டினன் என்று நண்பர் நெடுநேரம் படுத்தும் திரும்பியும் ஆராய்ந்தார். தொண்டி கீழைக் கடற்கரைத் துறை. துறையிலிருந்து மதுரைக்கு வருவோர்க்கு இப்பக்கம் வழி. அரிட்டாபட்டியிலும், மாங்குளத்திலும், கிடாரிப்பட்டியிலும், இங்கும் ஒரே செய்தியைக் கண்டோம்: முனிவர் உலகைத் துறந்து நெடுந்தொலைவு போய்விடவில்லை. பாறைமேலிருந்து நோக்கினால் கீழே ஏரியும் ஊரும் வழியும் தெரிகின்றன. பிச்சைக்கு இறங்கி வரும் தொலைவிலேதான் அவர் இருந்தனர். வண்டியை நிறுத்திவிட்டு ஏறிச்சென்று காணும் தொலைவிலேதான் வணிகரும் இருந்தனர். மூன்று நாள் நடந்த கால்களுக்கு இது நூலினும் தெளிவாக விளங்கிற்று. திருவாதவூரிலும் இத்தகைய பள்ளி உண்டு. மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்றே யாம் அதனை இதுகாறும் அறிந்திருந்தோம். கால் வலியால் அன்று ஆங்குச் செல்லவில்லை.

கீழவளவின் சுற்றுப்புறத்தைக் கண்டு எம் உள்ளம் சோர்ந்தது. கிரானைட்டுக் கல்லுக்காக வெட்டப்பட்ட குன்றுகள் படிப்படியாய், கத்தியால் அரிந்த பனைவெல்லக் கட்டிபோல் நிற்கின்றன. இடையே ஆழ்ந்த குழிகளிற் பச்சை நீர். 2012-இல் அரசினர் சோதனையால் குவாரிகள் நிறுத்தப்பட்டன. 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் உ. சகாயம் அவர்களை ஆய்வுக்கு நியமித்தது. மறு ஆண்டில் அவர் அறிக்கை அளித்தனர். வெட்டிய குன்று மீண்டும் வளராது. அக்குன்றுகளுள் எதிலேனும் யாவரும் கண்டறியாத ஒரு படுக்கையும், அதன் தலைமாட்டில் ஒரு பெயரும் இருந்தனவோ என்பதை இனி அறிதற்கு வழியில்லை. அரிட்டாபட்டியின் இரண்டாம் எழுத்து 2003-இற்றான் கிட்டிற்று என்பதை நினைக்கையில் இவ்வையம் வீணன்று.

செல்ல விரும்பும் அன்பர் மார்கழி, தைத் திங்கள்களிற் செல்க. பங்குனிக்குப் பின் பாறை சுடும். காலையில் எழுத்து மங்கும், மாலையில் துலங்கும். சுண்ணாம்பு தடவிப் படமெடுத்தலும், பெயர் கீறுதலும் வேண்டா. கிடாரிப்பட்டியில் அன்பர் சிலர் தம் பெயரை எண்ணெய்ச் சாயத்தால் எழுதி வைத்துள்ளனர்; அவற்றுள் நம்மவர் பெயர் ஒன்றும் இருந்தது.

விழா மலருக்கு நண்பர் வரைந்த படம் அனுப்பப்பட்டுள்ளது. அதன் கீழ், 'மதுரை உப்பு வாணிகன் வியகன் கொடை' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்த்தலாகாது என்று செயலாளரை வேண்டியுள்ளோம். எம் பழைய கட்டுரை வந்த இதழை இன்னும் வைத்திருப்போர், அதன் ஓரத்தில், 'எழுதியவரே இதனை மறுத்தனர்' என்று மையாற் குறித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.